விடுதலையின் விலை: அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் ஒரு கறுப்பினக் குதிரைப்படை

அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் சொல்லும் கதை மிகவும் எளிமையானது. அடிமைமுறையைக் காக்க விரும்பிய தென் மாநிலங்கள் 1861ஆம் ஆண்டிலே பிரிந்து போயின. வட மாநிலங்கள் அவற்றை எதிர்த்துப் போரிட்டன. ஆபிரகாம் லிங்கன் என்ற பெருந்தகை 1863ஆம் ஆண்டு ஜனவரி 1ஆந் திகதி ஒரு பிரகடனத்திற் கையெழுத்திட்டார். அடிமைகள் விடுதலை பெற்றனர். இக்கதையிலே போரிடுபவரும் வெள்ளையர், கையெழுத்திடுபவரும் வெள்ளையர். கறுப்பின மக்களுக்கு உள்ள ஒரே பணி, கைகூப்பிக் காத்திருந்து, கொடுத்ததைப் பெற்றுக்கொள்வதுதான்.

இக்கதை மாணவர் மனத்திலே ஒரு கருத்தை விதைக்கின்றது. உரிமை என்பது மேலிருந்து கருணையாக இறங்கி வருவது, கீழே இருப்போர் பொறுமையோடிருந்தாற் போதும் என்பதே அக்கருத்து. அது உண்மைதானா என்று சோதித்துப் பார்க்க விரும்புவோர், பெரிய தளபதிகளின் வரலாற்றைச் சற்று ஒதுக்கிவிட்டு, அதிகம் பேசப்படாத ஒரு படைப்பிரிவின் வரலாற்றை எடுத்துப் பார்க்கலாம். ஐக்கிய அமெரிக்காவின் 5ஆவது கறுப்பினக் குதிரைப்படையே அது. கென்ரக்கி மாநிலத்து அடிமைகளைக் கொண்டு 1864ஆம் ஆண்டிலே திரட்டப்பட்ட அப்படை ஒன்றரை ஆண்டளவே நிலைத்திருந்தது. ஆயினும், விடுதலை எவ்வாறு வருகின்றது, அதற்கு விலை கொடுப்போர் யார் என்ற வினாக்களுக்கு அப்படையின் குறுகிய வரலாறு தெளிவான விடை தருகின்றது.

பிரகடனம் செல்லாத மாநிலம்

கென்ரக்கியின் நிலை விசித்திரமானது. லிங்கன் பிறந்ததும் அம்மாநிலத்திலே. அவருக்கு எதிராக நின்ற தென் மாநிலக் கூட்டமைப்பின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ் பிறந்ததும் அம்மாநிலத்திலே. 1860ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கே 225,483 மனிதர் அடிமைகளாக இருந்தனர். ஆனால் கென்ரக்கி ஒன்றியத்தை விட்டுப் பிரிந்து செல்லவில்லை. அதனை இழந்தால் போர் முழுவதையும் இழந்தது போலாகும் என்று லிங்கன் அஞ்சினார். ஆகவே அங்கிருந்த அடிமைச் சொந்தக்காரரின் மனம் நோகாதபடி நடந்துகொண்டார். 1863ஆம் ஆண்டுப் பிரகடனம் கலகஞ் செய்த பகுதிகளுக்கு மாத்திரமே உரியது. ஒன்றியத்துக்கு விசுவாசமான கென்ரக்கி எசமானின் அடிமையைப் பொறுத்தவரை அது வெறுங் காகிதம்.

கென்ரக்கியின் நடுப்பகுதியிலே, லெக்சிங்ரன் நகருக்குத் தெற்கே, 1863ஆம் ஆண்டில் நெல்சன் முகாம் என்ற பெரிய இராணுவ முகாம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் அரண்களையும் பாதைகளையும் அமைப்பதற்குச் சுற்றுவட்டாரப் பண்ணைகளின் அடிமைகளை இராணுவம் கட்டாயமாகக் கொண்டுவந்தது. மண் வெட்டியவன் அடிமை. அவன் வேலைக்கான கூலி சென்றதோ எசமானிடம். அடிமைமுறையை ஒழிக்கும் போர் என்று உலகம் நம்பிய போரிலே, ஒன்றிய இராணுவமே அடிமை உழைப்பை வாடகைக்கு எடுத்தது.

ஆனால் போர் தனக்கென ஒரு தர்க்கத்தை உடையது. 1861, 1862ஆம் ஆண்டுகளில் வியன்னாவின் 'டி பிரெஸ்ஸே' பத்திரிகைக்கு எழுதிய கட்டுரைகளில், இப்போரின் மையம் அடிமைமுறையே என்பதையும், சட்டப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து நடத்தும் போர் புரட்சிகரமான போராக மாறியே தீரவேண்டும் என்பதையும் கார்ல் மார்க்ஸ் எடுத்துக்காட்டினார். கறுப்பின மக்களைக் கொண்ட ஒரேயொரு படைப்பிரிவு களத்திலே தோன்றினாலும் தென் மாநிலத்தார் எவ்வளவு கலங்குவர் என்று 1862 ஓகஸ்ட்டில் எங்கெல்சுக்கு எழுதினார். ஈராண்டுக்குள் அவ்வாறான படைப்பிரிவுகள் நூற்றுக்கு மேல் எழுந்தன. போர் முடிவதற்குள் சுமார் 179,000 கறுப்பினத்தவர் ஒன்றிய இராணுவத்திற் சேர்ந்தனர்.

இவர்கள் எவ்வாறு வந்தார்கள்? டு பொய்ஸ் என்ற மாபெரும் கறுப்பின அறிஞர் 1935ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலிலே இதற்கு விடை கூறினார். அடிமைகள் பண்ணைகளை விட்டு இலட்சக்கணக்கில் வெளியேறியதை அவர் ஒரு பொது வேலைநிறுத்தம் என்று வருணித்தார். பருத்திக் காட்டிலே உழைக்க மறுத்த கைகளே பின்னர் துப்பாக்கி ஏந்தின.

முகாமை நோக்கி நடந்தவர்கள்

கென்ரக்கியில் அடிமைகளைப் படையிற் சேர்ப்பது 1864ஆம் ஆண்டின் முற்பகுதியிலே தொடங்கியது. அடிமை படையிற் சேர எசமானின் சம்மதம் வேண்டும் என்பது ஆரம்ப விதி. சேரும் அடிமைக்காக விசுவாசமான எசமானுக்கு 300 டொலர் வரை நட்டஈடு வழங்கலாம் என்று சட்டம் கூறியது. உயிரைக் கொடுக்க முன்வருபவன் ஒருவன். அதற்கு விலை பெறுபவன் வேறொருவன்!

எழுத்திலிருந்த விதியை மக்கள் காலால் நடந்தே முறியடித்தனர். சம்மதம் பெற்றவரும் பெறாதவரும் இரவிலே பண்ணைகளை விட்டு வெளியேறி முகாமை நோக்கி நடந்தனர். 1864 மே மாதத்தில் டான்வில் என்ற ஊரிலிருந்து ஏறக்குறைய 250 பேர் ஒன்றாகப் புறப்பட்டபோது, அவ்வூர் வெள்ளையர் கற்களாலும் கைத்துப்பாக்கிகளாலும் அவர்களைத் தாக்கினர். பிடிபட்டவர் பலர் சவுக்கடி பட்டனர். ஆயினும் கூட்டம் குறையவில்லை. யூன் மாதத்தில் எசமானின் சம்மதம் வேண்டும் என்ற விதியைக் கைவிடும்படி இராணுவம் நிர்ப்பந்திக்கப்பட்டது. நெல்சன் முகாமில் மாத்திரம் 10,000 பேருக்கு மேற் சேர்ந்தனர். கென்ரக்கி மாநிலம் முழுவதிலும் அத்தொகை 23,000ஐத் தாண்டியது. லூசியானாவைத் தவிர வேறெந்த மாநிலமும் இத்தனை கறுப்பினப் படையினரைத் தரவில்லை.

படையிற் பெயர் பதிந்த கணமே அவன் சுதந்திர மனிதன் ஆனான். ஆனால் அவன் மனைவி? அவன் பிள்ளைகள்? அவர்கள் எசமானின் சொத்தாகவே இருந்தனர். கணவன் படையிற் சேர்ந்த கோபத்தை எசமான் மனைவியின் முதுகிலே தீர்த்துக்கொண்டான். அன்றேல் குடும்பத்தையே பண்ணையிலிருந்து துரத்தினான். துரத்தப்பட்டவர்களும் தப்பியவர்களும் முகாமைத் தேடி வந்து, அதன் ஓரங்களிற் குடில்கள் அமைத்து, படையினரின் துணி வெளுத்தும் சமைத்தும் சீவித்தனர். அவர்களைச் சட்டத்திற்கு இணங்க எசமானிடமே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது முகாம் அதிகாரிகளின் எண்ணம். இந்த முரண்பாட்டின் நடுவிலேதான் 5ஆவது கறுப்பினக் குதிரைப்படை பிறந்தது.

உப்புக்காக ஒரு போர்

வேர்ஜீனியாவின் தென்மேற்கு மலைப்பகுதியிலே சோல்ட்வில் என்ற சிற்றூர் உள்ளது. உப்பூர் என்பதே அப்பெயரின் பொருள். அங்கிருந்த உப்பு வெயிலிற் காயவைத்து எடுக்கப்பட்டதன்று. ஆழ்கிணறுகளிலிருந்து உவர்நீரை இறைத்து, வரிசை வரிசையாக அமைந்த இரும்புக் கொப்பரைகளிலே காய்ச்சி எடுக்கப்பட்டது. குளிரூட்டும் வசதி இல்லாத அக்காலத்திலே இறைச்சி கெடாமலிருக்க உப்பு வேண்டும். கடல்வழி வணிகத்தை வட மாநிலக் கப்பற்படை முடக்கிவிட்ட நிலையில், தென் மாநில இராணுவத்தின் உணவு சோல்ட்வில் கொப்பரைகளையே பெரிதும் நம்பியிருந்தது. அக்கொப்பரைகளின் அடியில் தீ மூட்டிய கைகளிலும் அடிமைக் கைகள் பல.

1864 செப்டெம்பர் இறுதியில், கென்ரக்கியின் ஒன்றியத் தளபதி ஜெனரல் ஸ்ரீபன் பேர்பிறிட்ஜ் ஏறக்குறைய 5,000 படையினருடன் இவ்வுப்பாலைகளை அழிக்கப் புறப்பட்டார். அப்படையோடு நெல்சன் முகாமிலிருந்து 600 கறுப்பினத்தவர் சென்றனர். 5ஆவது குதிரைப்படை அப்போது முறைப்படி அமைக்கப்பட்டிருக்கவுமில்லை. அதன் அமைப்பு நிறைவெய்தியது ஒக்டோபர் 24ஆந் திகதியே. அதாவது, இப்படை தன் முதற் போரைப் புரிந்தது தான் பிறப்பதற்கு மூன்று வாரம் முன்னர்! பயிற்சி இல்லை. குதிரைகளும் பழக்கப்படாதவை. குதிரைப்படையினனுக்கு வேண்டியது குதிரை மேலிருந்தே குண்டேற்றக்கூடிய குறுந் துப்பாக்கி. இவர்களுக்குக் கொடுக்கப்பட்டதோ காலாட்படையினரின் நீண்ட என்பீல்ட் துப்பாக்கி. குதிரை மேலிருந்து அதற்குக் குண்டேற்ற முடியாது. பெயரிலே குதிரைப்படை, கருவியிலே காலாட்படை.

அம்மலைப் பயணத்திலே அவர்கள் பட்ட அவமானத்தை, கறுப்பினப் படைகளைத் திரட்டும் பொறுப்பிலிருந்த கேணல் ஜேம்ஸ் பிறிஸ்பின், 1864 ஒக்டோபர் 20ஆந் திகதி எழுதிய அறிக்கையிலே பதிவுசெய்துள்ளார். கூட நடந்த வெள்ளைப் படையினர் இவர்களை ஏளனஞ் செய்தனர், தொப்பிகளைத் தட்டிப் பறித்தனர், குதிரைகளைத் திருடினர், போர் என்று வந்தால் இவர்கள் ஓடிவிடுவர் என்று பழித்தனர். இவை யாவும் எதிரியின் செயல்களல்ல. ஒரே கொடியின் கீழ் நடந்த தோழர்களின் செயல்கள். கறுப்பினப் படையினர் இவற்றுக்கு ஒரு வார்த்தையேனும் மறுமொழி கூறியதைத் தாம் கேட்கவில்லை என்கிறார் பிறிஸ்பின்.

ஒக்டோபர் 2ஆந் திகதி அவர்கள் மறுமொழி கூறினர். நோயாலும் குதிரைகள் சோர்ந்தமையாலும் 100 பேர் வழியிலே தங்க, இன்னும் 100 பேர் பள்ளத்தாக்கிலே குதிரைகளைப் பிடித்து நிற்க, எஞ்சிய 400 பேர் தரையிலிறங்கி, தாக்குதல் வரிசையின் இடப் பக்கத்தில் நின்றனர். உயர்ந்த மலைச்சரிவின் நடுவே, மரக்குற்றிகளாலும் கற்களாலும் ஆன மூன்றடி உயர அரணின் பின்னால் எதிரிகள் காத்திருந்தனர். கறுப்பினப் படையினர் பேரொலி எழுப்பிக்கொண்டு மேலே ஏறினர். கடும் போரின் பின் அரண் அவர்கள் கைக்கு வந்தது. இரண்டு மணி நேரத்திற்கு மேல் அதனைக் காத்து நின்றனர். அந்தி சாய்ந்து பின்வாங்கும் கட்டளை வந்தபோது அவர்களின் பைகளிலே தோட்டா ஒன்றும் இல்லை என்னும்படி ஆகியிருந்தது. களத்தில் நின்ற 400 பேரில் 114 படையினரும், அவர்களோடு 4 அதிகாரிகளும் கொல்லப்பட்டோ காயப்பட்டோ வீழ்ந்தனர்.

தாம் 27 போர்களிலே வெள்ளைப் படையினர் போரிடக் கண்டதாகவும், இவர்களினும் மேலாக எவரும் போரிட்டதைக் கண்டதில்லை என்றும் பிறிஸ்பின் எழுதினார். போகும்போது ஏளனஞ் செய்தவர்கள் திரும்பும்போது மௌனமாய் வந்தனர் என்பது அவ்வறிக்கையின் இன்னொரு செய்தி. அம்மௌனத்தைச் சிலர் வெற்றியாகக் கருதுவர். மனிதன் என்ற மதிப்பைப் பெறுவதற்கு ஒருவன் முதலிலே சாகவேண்டியிருந்தது என்பதையும் அம்மௌனம் உணர்த்துகின்றது அல்லவா?

காலையிற் கேட்ட வேட்டொலி

உப்பாலைகள் பிடிபடவில்லை. தோட்டாக்கள் தீர்ந்த நிலையில் பேர்பிறிட்ஜின் படை இரவோடிரவாகப் பின்வாங்கியது. காயப்பட்டோரை ஏற்றிச் செல்ல ஒரு வண்டியும் இல்லை. நடக்கவோ குதிரையில் இருக்கவோ கூடிய கறுப்பினத்தவர் எவரும் பின்தங்க விரும்பவில்லை. கையிழந்த ஒருவன், நெஞ்சிலே குண்டு பாய்ந்த ஒருவன், இரு இடுப்பிலும் குண்டு துளைத்த ஒருவன் ஆகியோர் குதிரை மீதேறி வந்ததைப் பிறிஸ்பின் கண்டார். பிடிபட்டால் என்ன நேரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். கறுப்பினப் படையினரைப் போர்க்கைதிகளாக ஏற்கத் தென் கூட்டமைப்பு மறுத்திருந்தது. அவ்வாண்டு ஏப்ரிலிலே பில்லோ கோட்டையிற் சரணடைந்த கறுப்பினத்தவர் கொன்று குவிக்கப்பட்ட செய்தி நாடெங்கும் பரவியிருந்தது.

அசைய முடியாதவர் களத்திலே கிடந்தனர். அடுத்த நாட் காலையில் நடந்ததற்கு எதிரிப் படையினரே சாட்சி. ஜோர்ஜ் மொஸ்குறோவ் என்ற தென் மாநிலக் குதிரைப்படையினர் பின்னர் எழுதிய நினைவுக் குறிப்புகளில், காலையில் வேட்டொலி ஒன்று, பின் இன்னொன்று, பின்னும் பல என்று பெருகியபோது போர் மீண்டுந் தொடங்கியதாகத் தாம் எண்ணியதைக் கூறுகின்றார். சென்று பார்த்தபோது, அவருடைய தரப்பினரே காயப்பட்டுக் கிடந்த கறுப்பினத்தவரைச் சுட்டுக்கொண்டிருந்தனர். ஜெனரல் ஜோன் பிறெக்கின்றிட்ஜ், முன்னர் ஐக்கிய அமெரிக்காவின் உப ஜனாதிபதியாக இருந்தவர், குதிரை மீது வந்து கொலையை நிறுத்தும்படி கடுங்கோபத்துடன் கட்டளையிட்டார். அவர் போன பின் சூடு தொடர்ந்தது என்கிறது அக்குறிப்பு. தென் மாநிலப் படையின் அதிகாரியான எட்வேர்ட் கெறன்ற் தமது நாட்குறிப்பிலே, தமது ஆட்கள் கறுப்பினத்தவரைக் கைதிகளாக எடுக்கவில்லை என்று எழுதி வைத்தார்.

கொலை களத்தோடு முடியவில்லை. எமரி அன்ட் ஹென்றிக் கல்லூரிக் கட்டிடத்தில் அமைந்த வைத்தியசாலையிலே படுத்திருந்த கறுப்பினக் காயக்காரர் இருவர், ஒக்டோபர் 7ஆந் திகதி இரவு, ஆயுதம் தாங்கி உள்ளே புகுந்தவர்களாற் படுக்கையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். மொத்தம் எத்தனை பேர் கொலையுண்டனர் என்பதில் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடுண்டு. ஒரு டசின் அளவு என்போரும் உளர். படையின் பெயர்ப் பதிவேடுகளை ஒப்பிட்டு நாற்பதுக்கு மேல் என்போரும் உளர். எண்ணிக்கையிலே வேறுபாடு உண்டேயன்றி, நடந்தது படுகொலை என்பதிலே ஐயமில்லை.

நீதி எவ்வாறு நடந்தது? குற்றஞ் செய்த ஜெனரல் தரத்து அதிகாரி மீது வழக்குத் தொடுக்குமாறு தென் படைத் தளபதி றொபேட் லீ பணித்தார். அவ்வதிகாரி பீலிக்ஸ் றொபேட்சன் என்றே வரலாற்றாசிரியர் பலர் கொள்வர். அவர் எந்த நீதிமன்றத்தின் முன்னும் நிற்கவில்லை. தென் கூட்டமைப்பின் ஜெனரல்களுள் கடைசியாக உயிரோடிருந்தவர் என்ற பெருமையுடன், 1928ஆம் ஆண்டிலே டெக்சாசில் இயற்கை மரணம் எய்தினார். அக்காலையிற் களத்தில் நின்ற சாம்ப் பெர்குசன் என்ற மலைநாட்டுக் கெரில்லாவோ, 53 கொலைகளுக்காக நாஷ்வில் நகரிலே விசாரிக்கப்பட்டு, 1865 ஒக்டோபர் 20ஆந் திகதி தூக்கிலிடப்பட்டான். அவன் கொடியவன், அதில் ஐயமில்லை. ஆனால் பண்ணைச் செல்வர்களின் போரிலே அவர்களுக்காகக் கை கறைப்பட்ட விவசாயிக்குத் தூக்குக்கயிறும், ஜெனரலுக்கு நீண்ட முதுமையும் கிடைத்தன. நீதியிலும் வர்க்கம் உண்டு.

நொவெம்பர்க் குளிர்

சோல்ட்வில்லிலே எதிரி செய்ததைக் கண்டோம். இனி நட்பு இராணுவம் செய்ததைக் காண்போம். போர் முடிந்து ஏழு வாரத்தின் பின், நெல்சன் முகாமின் தளபதி ஜெனரல் ஸ்பீட் பிறை, முகாமில் வாழ்ந்த கறுப்பினப் படையினரின் மனைவி மக்கள் ஏறக்குறைய 400 பேரை வெளியேற்றுமாறு கட்டளையிட்டார். 1864 நொவெம்பர் 22ஆந் திகதிக்கும் 25ஆந் திகதிக்குமிடையே, உறையும் குளிரிலே, ஆயுதம் தாங்கிய காவலர் அவர்களை வண்டிகளில் ஏற்றிக் கொண்டுபோய் வெளியே விட்டனர். அவர்கள் திரும்பி வராதபடி குடில்கள் அழிக்கப்பட்டன. வெளியேற்றப்பட்டோரில் 102 பேர் இறந்தனர்.

அவர்களுள் ஒரு சிறுவனின் தந்தை ஜோசப் மில்லர். அவர் 124ஆவது கறுப்பினக் காலாட்படையினர். அதே முகாமிற் சேர்ந்தவர். நொவெம்பர் 26ஆந் திகதி அவர் அளித்த சத்தியக் கூற்று இன்றும் ஆவணமாக உள்ளது. நோயுற்றிருந்த ஏழு வயது மகனை வெளியே கொண்டுபோனால் இறந்துவிடுவான் என்று அவர் காவலனிடம் மன்றாடினார். ஏறாவிட்டால் குடும்பம் முழுவதையும் சுடுவேன் என்பது கிடைத்த பதில். அன்றிரவு நிக்கலஸ்வில் வரை நடந்து சென்று, கறுப்பின மக்களின் பழைய சபை மண்டபம் ஒன்றிலே குடும்பத்தைக் கண்டுபிடித்தார். மகன் இறந்து கிடந்தான். இரவே முகாமுக்குத் திரும்ப வேண்டும் என்பது கட்டளை, திரும்பினார். மறுநாட் காலை மீண்டும் நடந்து சென்று, தம் கையாலேயே குழி தோண்டி மகனைப் புதைத்தார். அடுத்த சில வாரங்களுள் மனைவியும் மற்றப் பிள்ளைகளும் இறந்தனர். 1865 ஜனவரியிலே அவரும் இறந்தார்.

இத்தகைய கூற்றுக்கள் வாஷிங்ரனை எட்டின. வெளியேற்றத்தைக் கண்டித்து நியூயோர்க் 'றிபியூன்' பத்திரிகையிலே நொவெம்பர் 28ஆந் திகதி கடிதமொன்று வெளிவந்தது. பிறையின் கட்டளை இரத்துச் செய்யப்பட்டது; அகதிகளுக்கு முகாமிலே இல்லம் அமைக்கப்பட்டது. 1865 மார்ச் 3ஆந் திகதி காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. படையிற் சேர்ந்த ஒவ்வொருவனின் மனைவியும் பிள்ளைகளும் அன்று முதல் சுதந்திர மனிதர் என்றது அச்சட்டம். லிங்கனின் பிரகடனம் தொடாத கென்ரக்கி அடிமைப் பெண்ணைத் தொட்ட சட்டம் இது.

அதற்கிடையில் 5ஆவது குதிரைப்படை ஓய்ந்திருக்கவில்லை. 1864 டிசெம்பரில், பலர் கைகால் விறைத்து ஊனமுறும் அளவுக் கடுங்குளிரிலே, ஜெனரல் ஜோர்ஜ் ஸ்ரோன்மனின் தலைமையில் மீண்டும் வேர்ஜீனியா சென்றது. மரியன் என்ற இடத்திலே இரு நாட் போர் புரிந்தது. பின்னர் 20, 21ஆந் திகதிகளில் ஒன்றியப் படை சோல்ட்வில்லுள் நுழைந்தது. கொப்பரைகள் சம்மட்டியால் உடைக்கப்பட்டன. கிணறுகள் இரும்பும் குப்பையும் இட்டுத் தூர்க்கப்பட்டன. தம் தோழர் கொலையுண்ட ஊருக்கு அவர்கள் வெற்றியாளராகத் திரும்பி வந்தனர்.

ஆயினும் சாவு அவர்களை விடவில்லை. 1865 ஜனவரி 25ஆந் திகதி, அப்படையின் 'ஈ' பிரிவைச் சேர்ந்த ஏறக்குறைய 80 பேர், இராணுவ உணவுக்கான பெரிய மாட்டு மந்தையொன்றை லூயிவில் நகர் நோக்கி ஓட்டிச் சென்றபோது, சிம்சன்வில் அருகே கெரில்லாக்கள் பின்புறமிருந்து பாய்ந்தனர். 22 பேர் கொல்லப்பட்டனர். சேர்ந்து கிடந்த உடல்களை அவ்வூரவர் ஒரே குழியிற் புதைத்தனர்.

கணக்குத் தீர்ந்ததா?

1865 ஏப்ரிலில், தென் படைகள் சரணடைந்த பின், பிறிஸ்பின் கென்ரக்கி ஆளுநருக்கு ஒரு கடிதம் எழுதினார். கறுப்பினத்தவர் படையிற் சேர்ந்தமையே கென்ரக்கியில் அடிமைமுறையை வங்குரோத்தாக்கிவிட்டது என்பது அவர் கூற்று. பொருளாதார உண்மையை ஓர் இராணுவ அதிகாரி இதனிலும் தெளிவாகக் கூற முடியாது. சந்தையிலே உயர்ந்த விலை பெற்ற இளைஞர் பலர் போய்விட்டனர். மார்ச் மாதச் சட்டத்தோடு அவர்களின் குடும்பங்களும் போய்விட்டன. எசமானின் கையில் எஞ்சியது உரிமைப் பத்திரம் மாத்திரமே. அவ்வாண்டு டிசெம்பரிலே அரசியல் யாப்பின் 13ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது, அது பெரிதும் நடந்து முடிந்ததற்கு முத்திரை குத்தியது. கென்ரக்கிச் சட்டசபை அதற்கு முன்னரே அதனை நிராகரித்திருந்தது. அதற்குச் சம்மதம் தெரிவித்தது 1976ஆம் ஆண்டிலேதான்.

5ஆவது கறுப்பினக் குதிரைப்படை ஆர்கன்சோவுக்கு அனுப்பப்பட்டு, 1866 மார்ச்சிலே கலைக்கப்பட்டது. ஊர் திரும்பியவர்களை வரவேற்றது முகமூடிக் கூட்டங்களின் சவுக்கும் துப்பாக்கியும். வெள்ளையனுக்கு எதிராகக் கறுப்பினத்தவர் சாட்சி சொல்வதைக் கென்ரக்கி நீதிமன்றங்கள் 1872ஆம் ஆண்டு வரை ஏற்கவில்லை. நாட்டுக்காகக் குருதி சிந்தலாம். நீதிமன்றத்தில் வாய் திறக்கலாகாது! இறந்தவனின் மனைவி ஓய்வூதியம் கேட்டால், அடிமைக்காலத்துத் திருமணத்திற்குப் பத்திரம் ஏது? அயலவர் சாட்சி தேடி அவள் அலைய வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் மறைக்காது கூற வேண்டும். 1866ஆம் ஆண்டிலே அரசாங்கம் 9ஆவது, 10ஆவது குதிரைப்படைகளைக் கறுப்பினத்தவரைக் கொண்டு அமைத்தது. கென்ரக்கியின் பழைய படையினரும் அவற்றிற் சேர்ந்தனர். அப்படைகள் மேற்குச் சமவெளியிலே செவ்விந்திய மக்களின் நிலத்தைப் பறிக்கும் போர்களுக்கு அனுப்பப்பட்டன. தன் விடுதலைக்காக ஆயுதம் ஏந்தியவன், அவ்வாயுதத்தின் மேல் தனக்கு அதிகாரம் இல்லாதபோது, இன்னொரு மக்களின் விடுதலைக்கு எதிராகவும் நிறுத்தப்படலாம். போரிட்டவர்களின் வீரத்தைப் போற்றும் நாம், அவ்வீரத்தை யார் எதற்குப் பயன்படுத்தினர் என்று கேட்கவும் கடமைப்பட்டுள்ளோம்.

சிம்சன்வில்லிலே நினைவுப் பலகை நாட்டப்பட்டது 2009ஆம் ஆண்டில். நெல்சன் முகாம் தேசிய நினைவிடமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது 2018ஆம் ஆண்டில். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு தாமதித்து வந்த மரியாதை அது.

லிங்கனின் பிரகடனம் பொய்யென்று நாம் கூறவில்லை. கென்ரக்கி மண்ணிலே அது செல்லவில்லை என்றும், செல்லும்படி செய்தவர்கள் வேறு பலர் என்றுமே கூறுகின்றோம். வகுப்பிலே அப்பிரகடனத்தின் அடியிலுள்ள கையெழுத்தைக் காட்டும் ஆசிரியர்கள், 1864 நொவெம்பர் 26ஆந் திகதியிட்ட அந்தச் சத்தியக் கூற்றின் அடியையும் மாணவர்களுக்குக் காட்டட்டும். எழுதப் படிக்க உரிமை மறுக்கப்பட்ட ஜோசப் மில்லர் தமது பெயருக்கருகே இட்ட புள்ளடியொன்று அங்கே உண்டு. மூன்று மாதத்தின் பின் காங்கிரஸ் இயற்றிய சட்டம் அந்தப் புள்ளடியிலிருந்தும், அதுபோன்ற பல புள்ளடிகளிலிருந்தும் பிறந்தது.